ஏழு மணிச் சங்கு

(திரையில்: அந்தி நேரம். கோயில் கூரைமேல் ஒலிபெருக்கி.)

மகாராஷ்டிராவில், சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஓர் ஊர். சுமார் மூவாயிரம் பேர் வாழ்கிறார்கள். கோவிட் காலத்தில் பாடம் நடத்த வந்த செல்போன், பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் கையை விட்டு இறங்கவில்லை. 2022இல் ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. மாலை 7 மணிக்குக் கோயிலில் சங்கு ஊதும், பழைய மில் சங்கு மாதிரி சைரன் ஒலி. ஊதியதும் டிவியை அணைத்துவிட்டு, செல்போனைத் தள்ளி வைத்துவிட வேண்டும். 8.30க்கு மறுபடி ஊதும். அதுவரை படிப்பு, பேச்சு. இதைச் சொல்லிப் புரியவைக்க அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

போனைக் கீழே வைக்க ஊரே சங்கு ஊத வேண்டுமா, அவரவர் வைத்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது.

(திரையில்: விரல் தள்ளத் தள்ள, முடியாமல் ஓடும் படங்கள்.)

நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முன்பு இணையத்திலும் பக்கம் முடியும். கீழே 'அடுத்த பக்கம்' என்று இருக்கும். அழுத்தலாமா வேண்டாமா என்று ஒரு நொடி நிற்போம். அந்த நொடியில்தான் மணி பார்ப்போம், அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வரும். 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், தானாக நீண்டுகொண்டே போகும் பக்கத்தை உருவாக்கினார். படிப்பவர் காத்திருக்க வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துப் பிறகு அவரே வெளிப்படையாக வருந்தினார். இன்று ரீல்ஸும் ஷார்ட்ஸும் அப்படித்தான் ஓடுகின்றன. அந்த ஒரு நொடி போயே போய்விட்டது.

அடுத்து என்ன வரும் என்றும் தெரியாது. பத்து வீடியோ சப்பென்று இருக்கும், பதினொன்றாவது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். அந்த ஒன்றுக்காக விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால், மன உறுதி இல்லை என்று தயவுசெய்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளையும் திட்டாதீர்கள். உள்ளே முடிவு இல்லாத பொருளுக்கு வெளியிலிருந்துதான் ஒரு முடிவு வைக்க முடியும்.

போன் பார்க்கும் நேரத்தைக் கணக்கிட ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் இருக்கிறது. ஒரு வாரக் கணக்கை எடுத்துப் பாருங்கள், கண் திறக்கும். வரம்பும் வைக்கலாம், ஆனால் அவசரத்தில் ஒரு தட்டுத் தட்டி அதைத் தாண்டிவிடுகிறோம். படுக்கையறைக்கு அலாரம் கடிகாரம் ஒன்று வாங்குங்கள், சார்ஜர் கூடத்திலேயே இருக்கட்டும். தூக்கமும் படிப்பும் கெடுகிற அளவுக்குப் போயிருந்தால் மருத்துவ உதவி கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014இல் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கினார்கள்.

(திரையில்: ஃப்ரிட்ஜ் மேல் வரிசையாக நான்கு போன்கள்.)

எங்கள் வீட்டில் இரவு 8 முதல் 9 வரை எல்லாப் போனும் ஃப்ரிட்ஜ் மேல். அழைப்பு மணி மட்டும் கேட்கும். பெரியவர்கள் போனும் சேர்த்துத்தான். நாம் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் வை என்றால் ஒரு நாள்கூட நிற்காது. முதல் வாரம் கஷ்டம்தான். என் கை தானாகப் போனைத் தேடியது, என்ன பேசுவதென்றே தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் மகள் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினாள். ஆடத் தெரிந்தது பாட்டிக்கு மட்டும். சோழியைக் காணோம், புளியங்கொட்டை போட்டு ஆடினார்கள்.