யாருடைய மணி நான்கு?

மதுரை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கணினியைத் தானாகவே வேலை செய்ய வைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடைகள், லாரி ஆபீஸ்கள், ஆடிட்டர் அலுவலகங்கள் என்று சின்ன இடங்களில் இருக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அதனால் எனக்குப் பிடித்த தலைப்பு இது. நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் இன்னொரு மென்பொருள் லினக்ஸ். அது ஓடும் கணினிகளில் கிரான் என்று ஒரு நிரல் உண்டு. 1970களில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் பிறந்தது. இன்று பல இடங்களில் ஓடுவது பால் விக்ஸி என்ற நிரலாளர் 1987இல் எழுதிய பதிப்பின் வழிவந்தது. செய்யும் வேலை ரொம்பச் சின்னது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 'இப்போது செய்ய ஏதாவது இருக்கிறதா' என்று ஒரு பட்டியலைப் பார்க்கும். இருந்தால் அதற்கான ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பை, ஓட்டும். இல்லையென்றால் மறுபடி தூங்கிவிடும்.

பட்டியல் எப்படி இருக்கும்? வலது கையை விரியுங்கள். பஸ்ஸில் நிற்பவர்கள் கம்பியை விட வேண்டாம், மனதில் விரித்தால் போதும். கட்டைவிரல் நிமிடம், ஆள்காட்டி விரல் மணி, நடுவிரல் தேதி, மோதிர விரல் மாதம், சுண்டுவிரல் கிழமை. எந்த விரலைப் பற்றிக் கவலையில்லையோ அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதன் பின்னால் ஓட்ட வேண்டிய கட்டளை. ஒரே வரி, அவ்வளவுதான்.

இது சுலபம். சிக்கல், நேரம் என்று நாம் சொல்வதில் இருக்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு வியாபாரிகளுக்கு ஒரு செய்தி போக வேண்டும். மணி நான்கு, கிழமை திங்கள் என்று எழுதிவிட்டால் முடிந்ததா? யாருடைய மணி நான்கு? இதற்கு நாம் வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள், அதாவது எங்கோ ஓயாமல் ஓடும் கணினிகள், பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நமக்குத் திங்கள் விடிகாலை நான்கு என்றால் சர்வருக்கு ஞாயிறு இரவு பத்தரை. மணியை மட்டும் மாற்றினால் போதாது, கிழமையையும் மாற்ற வேண்டும். மாதம் பிறக்கும் ஒன்றாம் தேதி விடிகாலை என்றால் இன்னும் மோசம். சர்வருக்கு அது போன மாதத்தின் கடைசி நாள். அது இருபத்தெட்டா, முப்பதா, முப்பத்தொன்றா? அந்த ஐந்து விரலுக்குள் 'கடைசி நாள்' என்று சொல்ல வழியே இல்லை. அதனால் சர்வரின் நேர மண்டலத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, கிரானை ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். கட்டளை எழுதும் முன்னால் கேளுங்கள்: யாருடைய மணி?

இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. மாசி வீதிகளில் ஒன்றில் ஒரு ஜவுளிக்கடை. பில் கணக்குகளை நகலெடுக்க ஒரு பையன் ஸ்கிரிப்ட் எழுதி, இரவு இரண்டு மணிக்கு ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் பில் போட மாட்டார்கள், சரிதானே? ஆனால் அந்தக் கடையில் ஒரு கணக்குப்பிள்ளை. ஷட்டர் இறக்கும்போது மெயின் சுவிட்சை அணைக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். துணிக்கடை, ஒரு பொறி போதும். அவர் செய்தது சரி. அந்தப் பையன் செய்ததும் ஒரு விதத்தில் சரிதான். இரண்டு சரியும் சேர்ந்து, இரவு இரண்டு மணி என்ற ஒன்று அந்தக் கணினிக்கு வரவே இல்லை. தீபாவளி முடிந்து ஹார்டு டிஸ்க் போனபோதுதான் தேடினார்கள். ஸ்கிரிப்ட் எழுதிய அன்று பையன் கையால் ஓட்டிப் பார்த்த ஒரே ஒரு நகல் கிடைத்தது.

முதலாளி என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, எர்ரர்னு ஒண்ணும் வரலையே?" ஓடினால்தானே அண்ணே எர்ரர் வரும்!

தெருவில் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு போகும் கூர்க்கா, லீவு போட்ட நாளுக்குச் சேர்த்து மறுநாள் இரண்டு தடவை ஊதுவாரா? கிரானும் அப்படித்தான். கணினி அணைந்திருந்த நேரத்தில் விட்டுப்போன வேலையைப் பற்றி அது திரும்ப யோசிக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கும் இதே கதைதான். அனாக்ரான் என்று இன்னொரு நிரல் இருக்கிறது. அது மணியைப் பார்க்காது, நாளைப் பார்க்கும். 'இன்று இந்த வேலை நடந்ததா, இல்லையா? இல்லையென்றால் இப்போது செய்' என்று கணினியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடும். அணைத்துப் போடும் கணினிக்கு அதுதான் பொருத்தம். அந்தக் கடையில் அதையே வைத்தேன். கூடவே இன்னொரு குட்டி ஸ்கிரிப்ட்: தினமும் நகல் கோப்பின் தேதியையும் அளவையும் பார்த்து, பில் கவுண்டர் திரையில் ஒரு வரி காட்டும். அளவையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலிக் கோப்புக்கும் இன்றைய தேதிதான் இருக்கும். இப்போது அந்த வரியைப் படிக்காமல் கணக்குப்பிள்ளை வேலையைத் தொடங்குவதில்லை.

அப்புறம் இந்த இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகள் விடுமுறை. அன்றைக்குச் சம்பந்தப்பட்ட ஒரு வேலை என்று வையுங்கள். இரண்டாவது சனி எட்டாம் தேதிக்கும் பதினான்காம் தேதிக்கும் நடுவில்தான் வரும். ஆகவே நடுவிரலில் எட்டு முதல் பதினான்கு, சுண்டுவிரலில் சனி. புத்திசாலித்தனம்தான். ஆனால் கிரான் அதை வேறு மாதிரி படிக்கிறது. தேதி, கிழமை இரண்டையும் குறித்தால் இரண்டும் பொருந்த வேண்டும் என்று அது நினைப்பதில்லை, ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓட்டிவிடும். எட்டு முதல் பதினான்கு வரை தினமும் ஓடும், மற்ற சனிக்கிழமைகளிலும் ஓடும். மாதத்தில் பத்துப் பதினோரு நாள்! வாடிக்கையாளருக்குப் போகும் நினைவூட்டல் என்றால் யோசித்துப் பாருங்கள். கிழமையை நட்சத்திரமாக விட்டுவிட்டு, 'இன்று சனியா' என்று ஸ்கிரிப்டே முதல் வரியில் கேட்டுக்கொள்ளட்டும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடட்டும்.

முகூர்த்த நாளுக்கும் இதே வழிதான். மல்லிகை விலை ஏறுவது பஞ்சாங்கத்தைப் பார்த்து, கிரானுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. வருடத் தொடக்கத்தில் முகூர்த்தத் தேதிகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வையுங்கள். ஸ்கிரிப்ட் தினமும் ஓடி, இன்றைய தேதி அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். அது இரண்டாவது சனி இல்லை, இரண்டு நிமிடம். ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டளைக்கு முன்னால் டைம் என்று போட்டு ஓட்டினால், முடிந்ததும் எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஏழு நிமிடம் எடுத்தால், முதலாவது முடிவதற்குள் இரண்டாவது வந்து மோதும். ஒன்று முடியும்வரை இன்னொன்று தொடங்காதபடி எஃப்லாக் என்ற கட்டளையால் பூட்டிவிடுங்கள். இன்னொன்று: கையால் ஓட்டினால் ஓடுகிற ஸ்கிரிப்ட் கிரானில் ஓடவில்லையென்றால், நிரல்களின் முழுப் பாதையையும், அதாவது அவை கணினியில் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்பதையும், எழுதிப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த பாதைகள் எல்லாம் கிரானுக்குத் தெரியாது.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கோபப்படாதீர்கள், உங்களை மறக்கவில்லை. அங்கே டாஸ்க் ஷெட்யூலர் என்று இருக்கிறது. அதில் செட்டிங்ஸ் பக்கத்தில், குறித்த நேரம் தவறினால் முடிந்தவரை சீக்கிரம் ஓட்டவா என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. இரவில் கடையை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் அதில் ஒரு டிக் போட்டுவிடுங்கள். வணக்கம்.