கண்ணாடிய எறக்கு மச்சான்! | கொரோனா காலத்துல டெஸ்ட் டிரைவ், சர்வீஸ்

வணக்கம் சொந்தங்களே. மொதல்ல மன்னிச்சுக்கங்க, பின்னாடி ஹாரன் சத்தம், வண்டிச் சத்தம், கடலைக்காரரு சட்டியில கரண்டிய தட்டுற சத்தம் எல்லாம் கேக்கும். மதுரை தெப்பக்குளத்துக்கிட்ட வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசிக்கிட்டு இருக்கேன். கேமராவ புடிச்சுக்கிட்டு அக்கா மகன் பக்கத்துல இருக்கான், அதனால நாலு கண்ணாடியும் எறக்கித்தான் இருக்கு. ஏத்திவிட்டு ஏசிய போட்டா ஆடியோ பிரமாதமா வரும். ஆனா இன்னைக்கு விசயமே இந்தக் கண்ணாடிதான்.

2021 ஊரடங்குல தளர்வு குடுத்ததுலருந்து நெறைய பேரு கேக்குறீங்க. "அண்ணே, பஸ்ல ஏற பயமா இருக்கு, பழைய வண்டி ஒண்ணு பாக்கப் போறேன், டெஸ்ட் டிரைவ் போலாமா?" "மூணு மாசமா வண்டி நின்னுருச்சு, சர்வீஸுக்கு விடலாமா?" போலாம், விடலாம். ஆனா நம்மாளுக பயப்பட வேண்டியத விட்டுட்டு வேற எதுக்கோ பயப்படுறாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.

என் கதையவே சொல்றேன், சிரிக்காம கேளுங்க. 2020 ஊரடங்கு நேரம். கத்தாழை போட்ட பச்சைக் கலர் சானிடைசர் வந்துச்சுல்ல, கொழகொழன்னு, அதத் தண்ணியில கரைச்சு ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி, வண்டியில கைபடுற எடம் பூராம் அடிச்சேன். ஸ்டீயரிங்கு, கியரு, ஹேண்ட்பிரேக்கு, டிரைவர் கதவுல இருக்குற பவர் விண்டோ சுவிட்சு. அந்த சுவிட்சுக்குத்தான் நல்லா நாலு தடவ அடிச்சேன், வெரல் அதுலதான அதிகமா படுதுன்னு. ரெண்டு நாள் கழிச்சு சுவிட்ச அமுக்குறேன், அமுங்குது, திரும்பி வரல. கண்ணாடி எறங்கவே இல்ல. எலெக்ட்ரீசியன் தம்பி பேனல கழட்டிக் காட்டுனான். "தண்ணி போயிருந்தாக்கூட காஞ்சிருக்கும்ணே, இது பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டுருக்கு பாருங்க"ன்னான். உள்ள இருக்குற காண்டாக்ட் மேல பச்சையா ஒரு ஏடு படிஞ்சு கெடந்துச்சு. சுவிட்சு செட்டயே மாத்த வேண்டியதாப் போச்சு. நோய் வரக்கூடாதுன்னு நான் பண்ண வேலையில, நோயத் தடுக்குற கண்ணாடிய நானே அடைச்சுட்டேன்.

அப்புறந்தான் கொஞ்சம் படிச்சேன். பிளாஸ்டிக்குலயும் எவர்சில்வர்லயும் இந்தக் கிருமி 72 மணி நேரம் வரைக்கும் இருக்கும்னு 2020 மார்ச்சுல ஒரு ஆய்வு வந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் நாம பால் பாக்கெட்டக் கழுவுனோம், காய்கறியக் கழுவுனோம். ஆனா அது லேப்ல பாத்தது. 2021 ஏப்ரல்ல அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி என்ன சொல்லுச்சுன்னா, கிருமி இருக்குற ஒரு பொருளத் தொட்டா, அதுனால நோய் ஒட்டுற வாய்ப்பு 10,000ல ஒண்ணுக்கும் கம்மியாம். பெரும்பாலும் பரவுறது காத்துல, பக்கத்துல இருக்குற ஆளு விடுற மூச்சுல.

இப்ப கார நெனச்சுப் பாருங்க. நம்ம வீட்டு பாத்ரூம் அளவு எடம். அதுல மூணு பேரு, கண்ணாடி ஏத்தி, ஏசி போட்டு, பேசிக்கிட்டே போறோம். அந்த ஏசியும் பெரும்பாலும் உள்காத்தையே சுத்திச் சுத்தி விடுற மோடுலதான் கெடக்கும். டேஷ்போர்டுல கார் படத்துக்குள்ள அம்புக்குறி வளைஞ்ச மாதிரி ஒரு பட்டன் இருக்குல்ல, அதேதான். ஏசி ஃபில்டர் புடிச்சுக்கிரும்னு நெனைக்காதீங்க. சாதா வண்டியில வர்ற ஃபில்டர் தூசிக்குத்தான், இதுக்கு இல்ல.

சரி, டெஸ்ட் டிரைவ். நம்மூர்ல ஒரு கார் பாக்கப் போனா ஒரு வேன் ஆளுல்ல போவோம்! பொண்ணு பாக்கப் போற மாதிரி. போன வாரம் மச்சானுக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பழைய டீசல் வண்டி பாக்கப் போனோம். நாங்க ரெண்டு பேரு. அங்கிட்டு ஓனரு, புரோக்கரு, புரோக்கரோட தோஸ்து ஒருத்தரு. அம்புட்டு பேரும் வண்டிக்குள்ள ஏறத் தயாரா நிக்கிறாங்க. புரோக்கருக்கு மாஸ்க்கு தாடையில. நான் சொல்லிட்டேன், "ஓட்டுறவரு ஒருத்தரு, கூட ஒருத்தரு. மத்தவங்க யானைமலையப் பாத்துக்கிட்டு நில்லுங்க"ன்னு. மூஞ்சி சுருங்குச்சு. சுருங்கட்டும்யா. 2020, 2021ன்னு அழகரே ரெண்டு வருசம் ஆத்துல எறங்கல, நமக்கு என்ன அம்புட்டு அவசரம்?

கூட வர்ற ஆளு எங்க உக்காரணும்? முன் சீட்டுல இல்ல. பின்னாடி, இடது ஓரம். டிரைவருக்குக் குறுக்க, எம்புட்டு தள்ளி முடியுமோ அம்புட்டு தள்ளி. கண்ணாடி நாலும் எறக்கிட்டா ரொம்ப நல்லது. மழை, தூசி, நாலும் முடியாதுன்னா எந்த ரெண்டு? இங்கதான் எல்லாரும் தப்புப் பண்றோம். அவங்கவங்க பக்கத்துக் கண்ணாடிய எறக்குவோம். அமெரிக்காவுல பிரவுன் யுனிவர்சிட்டிக்காரங்க, காருக்குள்ள காத்து எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, 2020 டிசம்பர்ல வெளியிட்டாங்க. டொயோட்டா பிரியஸ் மாதிரி ஒரு வண்டி, 80 கிலோமீட்டர் ஸ்பீடு. ஆளு இல்லாத பக்கத்துக் கண்ணாடிய எறக்குனா, காத்து ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு திரை மாதிரி ஓடுதாம். அவங்க ஊர்ல ஸ்டீயரிங் இடது பக்கம், அதனால நம்ம வண்டிக்கு அப்படியே திருப்பிக்கங்க. டிரைவருக்குப் பின்னாடி இருக்குற வலது கண்ணாடி, முன்னாடி காலி சீட்டுக்கிட்ட இருக்குற இடது கண்ணாடி. பின்னாடி நுழையிற காத்து குறுக்கப் பாஞ்சு முன்னாடி வெளியேறிரும். ஆனா நாலும் எறக்குறதுக்கு இது ஈடு இல்லன்னு அவங்களே சொல்றாங்க.

எனக்கு மனசு கேக்கல. கேமரா புடிக்கிற அக்கா மகன் இவன பின்னாடி உக்கார வச்சு கையில ஊதுபத்திய குடுத்து ரிங் ரோட்டுல பைய ஓட்டுனேன். கண்ணாடி பூராம் ஏத்தி, உள்காத்து ஏசி: ரெண்டு நிமிசத்துல என் மூக்குக்கிட்ட மல்லிகை வாசம். குறுக்குக் கண்ணாடி ரெண்டையும் எறக்குனேன், பொகை இவன் முட்டியத் தாண்டல, இழுத்துக்கிட்டு வெளிய போயிருச்சு. இது ஆய்வெல்லாம் இல்ல, என் திருப்திக்கு. நீங்க செய்யாதீங்க, அதுலயும் சானிடைசர் அடிச்ச வண்டியில வேணவே வேணாம், அது ஸ்பிரிட்டு. வாட்ஸப்புல வருதுல்ல, வெயில்ல வச்ச சானிடைசர் பாட்டிலு தானா தீப்பிடிச்சு வெடிக்கும்னு, அது பொய். தானாப் பத்துறதுக்கு 300 டிகிரிக்கு மேல வேணும். ஆனா நம்மூரு வெயில்ல பாட்டில் உப்பி கசிஞ்சு, அந்த ஆவி நிக்கிற வண்டிக்குள்ள எவனாச்சும் பீடி பத்த வச்சா முடிஞ்சது கதை. பைக்குள்ள வச்சுக்கங்க, வண்டிக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க.

அப்புறம் பேச்சு. மைலேஜ் என்ன, எத்தன ஓனரு, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, எல்லாத்தையும் வெளிய வேப்பமரத்தடியில நின்னு பேசிருங்க. வண்டிக்குள்ள வாயத் தொறக்காதீங்க. பத்து நிமிசம் ஓட்டுனாப் போதும், வண்டியோட லட்சணம் தெரிஞ்சிரும். மூக்குக் கண்ணாடி போட்டவங்க மாஸ்க்கோட மூக்குக் கம்பிய நல்லா அமுக்கிக்கங்க. புது வண்டி, புது கிளட்ச்சு, அதுல மூச்சுக்காத்து பட்டு கண்ணாடியும் பூத்துப்போச்சுன்னா கொரோனாவுக்கு முந்தி லாரி வந்துரும்.

சர்வீஸ். இதச் சுருக்கமா சொல்றேன். வண்டிய விடும்போது துண்டு, வாட்டர் பாட்டில், பழைய மாஸ்க்கு எல்லாத்தையும் எடுத்துருங்க, மெக்கானிக் தம்பிகளும் மனுசங்கதான். வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல்னா தள்ளிப் போடுங்க. 2021ல பல கம்பெனி ஊரடங்குல முடிஞ்ச வாரண்டிக்கும் ஃப்ரீ சர்வீஸுக்கும் தவணை நீட்டிக் குடுத்தாங்க. ஏசி ஹால்ல டிவி பாத்துக்கிட்டு உக்காராம வீட்டுக்கு வந்துருங்க. எக்ஸ்ட்ரா வேலைன்னா வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, காச ஜிபேல போடுங்க.

என் வண்டிய ஒரு எடத்துல விட்டேன், பேரு வேணாம். சீட்டுக்குப் பிளாஸ்டிக் கவரு, ஸ்டீயரிங்குக்குக் கவரு, காலடியில பேப்பரு, கல்யாணப் பொண்ணு மாதிரி சோடிச்சிருந்தாங்க. ஆனா அத வீட்டுக்குக் கொண்டாந்து விட்ட தம்பி, கண்ணாடி ஏத்தி, ஏசி போட்டு, மாஸ்க்க தாடையில தொங்கவிட்டு வந்து எறங்குறான். வீட்டுல அம்மாவுக்கு சுகரு. அப்ப முதல் கொரோனா ஊசிதான் போட்டுருந்தோம், 2021 விதிப்படி ரெண்டாவது கோவிஷீல்டு ஊசிக்கு 84 நாள் ஆகணும். நாலு கதவையும் தொறந்து போட்டுட்டு அரைமணி நேரம் கழிச்சுத்தான் உள்ள ஏறுனேன். சோப்புத் தண்ணியில துணிய நனைச்சு நல்லாப் பிழிஞ்சு தொடைச்சேன். பானெட்டு லீவரு, சீட்டத் தள்ளுற கம்பி, பின்னாடி பாக்குற உள் கண்ணாடி, இதெல்லாம் நம்ம நெனப்புக்கே வராது, ஆனா அவங்க கை கண்டிப்பா பட்டுருக்கும். பிளீச்சிங்கத் தொடாதீங்க, சீட்டு வெளுத்துரும்.

ஆங், ஒத்தக்கடை வண்டி என்னாச்சு? மச்சான் வாங்கல. கண்ணாடிய எறக்கி ஓட்டுனோமா, அம்பதத் தாண்டுன ஒடனே முன் சக்கரத்துலருந்து ஊஊஊன்னு ஒரு சத்தம். திருப்பத்துல கூடுது, நேரா வந்தா கொறையுது. வீல் பேரிங் போயிருக்கு. சொன்னா புரோக்கரு ஒத்துக்கவே இல்ல. நேத்துக்கூட மச்சானுக்குப் போன் போட்டுருக்காரு: "தம்பி, ஒரு தடவ கண்ணாடிய ஏத்தி, ஏசியப் போட்டு, நல்ல பாட்டா ஒண்ணு போட்டு ஓட்டிப் பாருங்க, வண்டி ராஜாவாட்டம் போகும்!"