புது இன்ஹேலருக்குப் பழகிக்கொண்டிருக்கிறேன்

வணக்கம் நண்பர்களே. குரல் கரகரவென்று கேட்டால் மைக்கில் கோளாறு இல்லை, தொண்டைதான் அப்படி. காரணத்துக்கு அப்புறம் வருகிறேன். எனக்கு ஆஸ்துமா இருப்பது வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். டாக்டர் இப்போது இன்ஹேலரை மாற்றியிருக்கிறார்.

இதோ, இதுதான் பழையது. நீல நிறம், உள்ளே சால்பியூட்டமால் என்ற மருந்து. அழுத்தினால் புஸ்ஸென்று வரும். இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். ஆனால் குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதில்லை. இளைப்பு அடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவோம், வீக்கம் அங்கேயே இருக்கும். அதனால்தான் கினா என்ற சர்வதேச ஆஸ்துமா அமைப்பு 2019-இல் பரிந்துரையை மாற்றியது: பெரியவர்களும் வளரிளம் வயதினரும் இதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே போகட்டும் என்று.

புதியது இது. பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் கலந்த பவுடர். நிமிர்த்திப் பிடித்து அடியைத் திருகினால், கேட்கிறதா, ‘கிளிக்’, ஒரு டோஸ் தயார். இதில் பெரிய சங்கடம், மருந்து உள்ளே போனதே தெரியாது. புஸ் சத்தம் இல்லை, தொண்டையில் சில்லென்று படுவதும் இல்லை. போனதோ இல்லையோ என்று இன்னொரு தடவை இழுக்கக் கை பரபரக்கும். இழுக்கக் கூடாது.

இழுக்கும் விதமும் தலைகீழ். பழையதில் மருந்தைத் தள்ளிவிட உள்ளேயே வாயு இருக்கிறது. நாம் மெதுவாக, ஆழமாக இழுத்தால் போதும். இதில் தள்ள ஆள் இல்லை. நம் மூச்சுதான் பவுடரைக் கிளப்ப வேண்டும், அதனால் எடுத்த எடுப்பிலேயே வேகமாக இழுக்க வேண்டும். எனக்கு வருடக்கணக்காக மெதுவாக இழுத்தே பழக்கம், வேகம் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாருங்கள்: முதலில் முகத்தைத் திருப்பி மூச்சை முழுசாக வெளியே விடுகிறேன். கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டு பவுடர் கட்டிவிடும். இப்போது உதட்டை இறுக்கிக் கவ்வி, ஒரே இழுப்பு. 10 விநாடி அடக்கி, விடுகிறேன். அவ்வளவுதான்.

சின்னக் குழந்தைகளுக்கும் மூச்சில் வேகம் போதாத வயதானவர்களுக்கும் இது ஒத்துவராமல் போகலாம். அவர்களுக்கு அழுத்தும் வகையோடு ஸ்பேசர்தான் வசதி, அதாவது இன்ஹேலரின் வாயில் மாட்டி அதன் வழியாக மருந்தை இழுக்கும் பிளாஸ்டிக் கூடு. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் துணியால் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சரி, குரலுக்கு வருவோம். ஸ்டீராய்டில் கொஞ்சம் தொண்டையில் தங்குவதால் குரல் கம்மலாம், வாயில் வெள்ளைப் பூஞ்சைகூட வரலாம். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. நான் இன்ஹேலரை டூத் பிரஷ் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். மருந்தை எடுத்த கையோடு பல் தேய்த்துவிடுவதால் மறப்பதில்லை. கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் ஆரம்பத்தில் இருந்தன. அது ஃபார்மோட்டெராலின் வேலை, இப்போது குறைந்துவிட்டது. குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் ஒரே கலவரம். மாத்திரையில் அளவு மில்லிகிராமில், இதில் மைக்ரோகிராமில். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். அதுவும் பெரும்பாலும் நுரையீரலிலேயே வேலை செய்கிறது. எனக்கு அந்தப் பயத்தைவிட, நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்திவிடுவோமோ என்ற பயம்தான் அதிகம். வீக்கம் வடிய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். நிறுத்தினால் மெல்லத் திரும்பி வரும்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு வாக்கியத்தைக்கூடப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் கேட்கவில்லை என்றாலோ, வீடியோ தேடிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், போகும் வழியிலும் டாக்டர் சொன்ன அளவில் இன்ஹேலரை எடுத்துக்கொண்டே போங்கள்.