வோல்கள்: பல்லும் குரோமோசோமும் சொல்லும் வரலாறு

நேயர்களுக்கு வணக்கம். வோல் என்னும் சிறு கொறிணியைப் பற்றி இன்று பேச விழைகிறேன். மழுங்கிய மூக்கும், மயிருக்குள் பாதி மறைந்த காதுகளும், குட்டையான வாலும் கொண்ட இதனைப் பார்க்கும் எவரும் எலி என்றே சொல்லிவிடுவர். ஆனால் நம் வீட்டு எலியும் நெல்வயலில் வளை பறிக்கும் வரப்பெலியும் முரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. வோலோ ஹாம்ஸ்டர்களோடு கிரிசெட்டிடே குடும்பத்தில் அடங்குகிறது. மூஞ்சூறு இன்னும் தொலைவு. அது கொறிணியே அன்று.

வோல்களையும் லெம்மிங்குகளையும் நீர்வாழ் மஸ்க்ராட்டையும் சேர்த்து அர்விகோலினே என்னும் துணைக்குடும்பமாக வகுத்திருக்கிறார்கள். 150க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு; அனைத்தும் வட அரைக்கோளத்தவை. அமெரிக்கக் கண்டத்தில் குவாத்தமாலாவின் மலைகள் வரை இறங்கி வந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவிலோ லிபியாவின் கடலோரச் சிறு பகுதி ஒன்றில் மட்டுமே வாழ்கின்றன. இந்தியாவில் இமயமலைப் பகுதியே அவற்றின் இடம். தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு வோல்கூட இல்லை.

இத்தனை இனங்களையும் தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிவது பெரும்பாலும் இயலாத காரியம். ஆகவே விலங்கியலாளர்கள் பல்லைப் பார்க்கிறார்கள். புல்லில் உள்ள சிலிக்கா பல்லைத் தேய்த்துவிடும் என்பதால், மைக்ரோட்டஸ் பேரினத்து வோல்களின் கடைவாய்ப் பற்கள் வேரூன்றி நின்றுவிடாமல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆந்தை விழுங்கிய இரையின் எலும்பையும் மயிரையும் உருண்டையாக உமிழும். அவ்வுருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்து, அதிலுள்ள மண்டையோட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் எனாமல் விளிம்பிட்ட முக்கோணங்கள் வரிசையாகத் தெரியும். மேல்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லில், உட்புறத்துப் பின் மூலையில், கூடுதலாக ஒரு சிறு வளையம் இருந்தால் அது மைக்ரோட்டஸ் அக்ரெஸ்டிஸ் என்னும் இனம். இல்லையெனில் அது மைக்ரோட்டஸ் அர்வாலிஸாக இருக்கலாம். கடுகளவுகூட இல்லாத அந்த வளையத்தைக் கொண்டு ஒரு நிலப்பரப்பின் வரலாற்றையே கேள்விக்கு உட்படுத்த முடியும் என்பதுதான் இத்துறையில் என்னைப் பெரிதும் ஈர்த்த செய்தி.

பிரிட்டனின் பெருந்தீவில் இருப்பது அக்ரெஸ்டிஸ். அர்வாலிஸ் அங்கு இல்லை. ஆனால் ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் ஆர்க்னித் தீவுகளில் இருப்பதோ அர்வாலிஸ். 1904இல் ஜே. ஜி. மில்லே இதனைத் தனி இனமாக அறிவித்தார். ஐரோப்பியக் கண்டத்து வோலைவிட உருவில் பெரிதாக இருந்ததால் அவர் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. பிற்காலத்தில், கண்டத்து வோலோடு அது தடையின்றி இனம் கலப்பது தெரியவந்ததும், துணையினம் என்ற நிலைக்கு இறக்கப்பட்டது. அப்படியானால் அது தீவை அடைந்த வழி எது? பனியுகத்தின் முடிவில் தரைவழியாக நடந்து வந்திருந்தால், இடையிலுள்ள பிரிட்டனிலும் அதன் சுவடு இருந்திருக்க வேண்டும். மரபணு ஆய்வுகள் இன்றைய பெல்ஜியத்தின் பக்கம் கைகாட்டுகின்றன. தீவில் கிடைத்த மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. புதிய கற்கால உழவர்களின் படகுகளில், கால்நடைத் தீவனத்துக்குள் ஒளிந்தோ வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டோ, கடல் கடந்திருக்க வேண்டும். ஸ்காரா பிரே என்னும் கற்காலக் குடியிருப்பில் எடுத்த வோல் எலும்புகள் சிலவற்றில் தீயில் வாட்டிய தடயம் இருப்பதால், அங்கிருந்தோர் அவற்றை உண்டிருக்கக்கூடும் என்றும் கருதுகின்றனர். 2010இல் ஸ்டோட் எனப்படும் கீரி போன்ற வேட்டை விலங்கு அத்தீவுகளில் முதன்முதலாகத் தென்பட்டது. இத்தனை நூற்றாண்டுகள் அதன் தொல்லையின்றி வாழ்ந்த வோல்களுக்கும், அவற்றை நம்பியிருக்கும் பூனைப்பருந்துகளுக்கும் குட்டைக்காது ஆந்தைகளுக்கும் இது பேராபத்து. ஸ்டோட்டுகளைப் பிடித்து அகற்றும் பணி நடப்பது மிகவும் தேவையானது என்பது என் உறுதியான எண்ணம்.

பல்லும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. கிழக்கு ஐரோப்பாவில் அர்வாலிஸோடு அச்சு அசலாக ஒத்திருக்கும் மற்றோர் இனமும் வாழ்கிறது. முன்னதற்கு 46 குரோமோசோம்கள், பின்னதற்கு 54. ஆர்க்டிக் பகுதியின் ஸ்வால்பார்டு தீவுகளில் கிருமாண்ட் என்னும், இப்போது கைவிடப்பட்ட ரஷ்யச் சுரங்கக் குடியிருப்பைச் சுற்றி வாழும் வோல்களை நெடுங்காலம் அர்வாலிஸ் என்றே எழுதிவந்தார்கள். குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபின் 1990இல் அவை 54 கொண்ட இனம் என்பது வெளியாயிற்று. ரஷ்யாவிலிருந்து கப்பலில் வந்த கால்நடைத் தீவனத்தோடு இவை வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. ஸ்வால்பார்டுக்கே உரிய கொறிணி எதுவும் இருந்ததில்லை. 1999இல் அங்குள்ள வோல்களின் கல்லீரலில் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் கண்டறியப்பட்டது. வோலைத் தின்னும் ஆர்க்டிக் நரியின் குடலில் முதிர்ந்து, அதன் எச்சத்தின் வழியே மனிதரின் கல்லீரலையும் தாக்கவல்லது அப்புழு. இடையில் ஒரு கொறிணி இல்லாதவரை அதன் வாழ்க்கைச் சுழற்சி அத்தீவில் நிறைவடைந்திருக்கவே முடியாது.