கிட்னியில் ஒரு பகுதியை எடுத்தார்கள், தோள்பட்டை ஏன் வலித்தது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு உட்கார்ந்துகொண்டுதான் பேசப்போகிறேன், நடந்துகொண்டே எடுக்கிற வழக்கமான வீடியோ இல்லை. போன வீடியோவில், என் கிட்னியில் இருந்த கட்டியை எடுக்கிற ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்கும் வந்துவிட்டேன். எடுத்த கட்டியைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டும் நேற்று வந்தது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் வயிற்றில் போட்ட துளைகளின் தையல்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? சின்ன ஆபரேஷன்தான் போல" என்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

துளைதான் சின்னது. உள்ளே நடந்ததைக் கேளுங்கள். இதயம் அனுப்புகிற ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு கிட்னிக்கும் போகிறது. அவ்வளவு ரத்தம் பாய்கிற இடத்தில் கத்தி வைக்க வேண்டும். அதனால் கிட்னிக்குப் போகிற தமனியை முதலில் ஒரு கிளிப் போட்டு அடைக்கிறார்கள். அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ரத்தம் இல்லாமல் கிட்னி அதிக நேரம் தாங்காது, 25, 30 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். அதற்குள் கட்டியையும் சுற்றி மெல்லிய விளிம்பாகக் கொஞ்சம் நல்ல சதையையும் வெட்டியெடுக்க வேண்டும். வெட்டின பள்ளத்தின் அடியில் திறந்து கிடக்கிற ரத்தக் குழாய்களையும் சிறுநீர்ப் பாதையையும் தைத்து மூட வேண்டும். அதற்கு மேலே இன்னொரு தையல் போட்டு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கிளிப்பை எடுக்க முடியும். ஒன்று விட்டுவிட்டேன்: கத்தி வைப்பதற்கு முன்னால், கட்டி எதுவரை போகிறது என்று கிட்னி மேலேயே ஒரு குட்டி அல்ட்ராசவுண்டு கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். இதுவா சின்ன ஆபரேஷன்?

இன்னொரு கேள்வியும் பிடிக்கவில்லை. "அதான் இன்னொரு கிட்னி இருக்கிறதே, மொத்தமாக எடுத்துவிட்டால் நிம்மதிதானே?" ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. போனது திரும்ப முளைக்காது. நாளைக்கு ரத்தக் கொதிப்பு வரலாம், சர்க்கரை வரலாம், இரண்டுமே கிட்னியைத்தான் பதம் பார்க்கும். கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கிற இந்த முறையைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். 7 வரைக்கும்கூட, இடம் தோதாக இருந்தால் செய்கிறார்கள். ஆனால் உள்ளே போய்ப் பார்த்த பிறகு முழுக் கிட்னியையும் எடுக்க வேண்டி வரலாம், துளை வழியாகத் தொடங்கியதை வயிற்றைத் திறந்து முடிக்க வேண்டி வரலாம். கையெழுத்து வாங்குகிற படிவத்தில் இது இருக்கும். அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், "எனக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு?" என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். நான் கேட்டேன், அவரும் ஸ்கேன் படத்தைத் திருப்பி வைத்துக் கட்டியின் இடத்தைக் காட்டி விளக்கினார்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். தோள்பட்டை.

எனக்கு வெட்டியது வலது விலாப் பக்கம். முதல் நாள் ராத்திரி, வெட்டின இடத்தைவிட வலது தோள்பட்டை உயிரை வாங்கியது. நெஞ்சு வலியோ என்று பயந்து நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவர் நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, "கேஸ் வலி சார்" என்றார். கதை இதுதான். கருவிகள் புழங்க இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புகிறார்கள். கடைசியில் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்துக்கு அடியில் போய் உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது, அதனால் வலி தோளில் தெரிகிறது. இவ்வளவு எளிமையான விஷயத்தை ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை! ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ராத்திரி தூங்கியிருப்பேன். எழுந்து நடக்க நடக்கக் குறைந்தது, சில நாளில் போயே போய்விட்டது. ஆனால் தோள் வலியோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்து வந்தால் கேஸ் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், உடனே சொல்லிவிடுங்கள்.

அட, கண் விழித்தபோது என்னென்ன மாட்டியிருந்தது என்று சொல்லவே இல்லை. சிறுநீர் போக கதீட்டர், உள்ளே சேர்கிற திரவத்தை வெளியேற்ற விலாவில் ஒரு டிரெயின் குழாய், ரத்தம் உறையாமல் இருக்கக் கெண்டைக்காலை விட்டு விட்டு அமுக்குகிற உறை. அந்த உறை எனக்கு ரொம்பப் பிடித்தது, கதீட்டர் சுத்தமாகப் பிடிக்கவில்லை. போகாமலே போக வேண்டும் போல ஒரு உணர்வு, அதை வார்த்தையில் சொல்ல முடியாது. மறுநாள் எடுத்துவிட்டார்கள். மூன்று பந்துகளை மூச்சால் தூக்குகிற பயிற்சிக் கருவியையும் கொடுப்பார்கள். விடாமல் செய்யுங்கள், நுரையீரலில் சளி கட்டாது.

டிரெயின் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அதன் முனையில் ஒரு குமிழ், அதில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் சேரும். எத்தனை மில்லி, என்ன நிறம் என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் திரவத்தில் கிரியேட்டினின் என்கிற, சிறுநீரில் வெளியேறுகிற கழிவுப் பொருளின் அளவையும் பார்க்கிறார்கள். ரத்தத்தில் இருப்பதைவிட மிக அதிகமாக இருந்தால், தைத்த இடத்திலிருந்து சிறுநீர் கசிகிறது என்று அர்த்தம். எனக்குச் சரியாக இருந்தது. "மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள்" என்றார் டாக்டர். விடும்போது சரசரவென்று உருவினார். குழாய் நான் நினைத்ததைவிட ரொம்ப நீளம்! வலி இல்லை, உள்ளே ஏதோ நகர்கிற உணர்வு மட்டும். பிறகு ஒரு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் காற்றும் பிரிந்தது. சிரிக்காதீர்கள், காலையும் மாலையும் வந்து அதை மட்டும்தான் கேட்டார்கள். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தேர்வில் பாஸான மாதிரி சந்தோஷப்பட்டேன். துளை வழியாகச் செய்கிற லேப்பராஸ்கோப்பி, ரோபோ முறை என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீடு. விலாவுக்கு அடியில் நீளமாகக் கீறிச் செய்தால் இன்னும் சில நாள் கூடும், வலியும் கூடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். தோல் சீக்கிரம் ஒட்டிவிடும், கிட்னிக்குள் இருக்கிற காயம் அவ்வளவு வேகமாக ஆறாது. 6 வாரம் வரை கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுகிறேன். மலச்சிக்கல் வரும், முக்கக் கூடாது, அதற்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், அவை கிட்னிக்கு ஆகாதவை. ஆபரேஷனுக்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்றும் நினைவுக்கு வருகிறது: ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கிற மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், எப்போது நிறுத்துவது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம், இரண்டு வாரம் ஆன பிறகுகூட உள்ளே ரத்தக் கசிவு வரலாம். தைத்த இடத்து ரத்தக் குழாயில் ஒரு பலவீனமான வீக்கம் உண்டாகி அது உடைவதால் வருவது. அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் நேரம் கடத்தக் கூடாது. சிறுநீர் சிவப்பாகிக் கட்டிகட்டியாக வந்தால், விலாவில் திடீரென்று வலித்தால், தலை சுற்றினால், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பெரும்பாலும் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு அந்த இடத்தை அடைத்துவிடுகிறார்கள். காய்ச்சல் வந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும் போன் பண்ணிவிட வேண்டும்.

இப்போது ரிப்போர்ட். சின்னக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை என்று தெரியவரும். என்னுடையது அதில் சேரவில்லை, கிளியர் செல் வகைப் புற்றுநோய்தான். ஆனால் மார்ஜின் சுத்தம், வெட்டின விளிம்பில் எதுவும் இல்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது, முதலில் அப்படித்தான் ஏறும், மிச்சம் இருக்கிற கிட்னி பழகிக்கொண்டு வேலையை எடுத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். ஸ்கேன் சில வருடங்களுக்குத் தொடரும். முதல் ஸ்கேன் எடுத்ததும் அந்தப் படத்தோடு வருகிறேன், வெட்டின இடம் எப்படி ஆறியிருக்கிறது என்று சேர்ந்தே பார்க்கலாம்.