சீ, போ!

(கட்டடப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

மாணவ நண்பர்களுக்கு வணக்கம்.

உங்களில் சிலர் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போகப்போவதாகச் சொன்னார்கள். விசா, உதவித்தொகை பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அந்த விதிகள் அடிக்கடி மாறும், தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது 'சீ' என்ற ஒரு சொல்லைப் பற்றி.

தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோவில், ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஆறு மாதம் இருந்தேன். முதல் நாள் ஒரு மேசையைக் காட்டி, "இது எனக்கா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண் மலர்ந்த முகத்தோடு, "சீ, போ!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் தெரிந்தது. அங்கே பேசுவது ஸ்பானிய மொழி. அதில் 'சீ' என்றால் ஆமாம். 'போ' என்பது அழுத்தத்துக்காகச் சிலிக்காரர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்வது, நாம் 'ஆமாப்பா' என்பது மாதிரி.

ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஆனால் பயிற்சிக்கு வருகிறவனுக்கே நாட்டுக்கு நாடு பெயர் வேறு. ஸ்பெயினில் அவன் 'பெக்காரியோ', அர்ஜென்டினாவில் 'பசாந்தே', சிலியில் 'பிராக்டிகாந்தே'. நான் இங்கே படித்துக்கொண்டு போனது பாடப்புத்தக ஸ்பானியம். சிலிக்காரர்களோ வேகமாகப் பேசுவார்கள், சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள்.

சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு: அப்பாவழிக் குடும்பப் பெயர், அம்மாவழிக் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே. யாரிடமும் கேட்காமல் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து வரவேற்பறையில் என்னை அப்பா பெயர் சொல்லி, முன்னால் 'செஞோர்' போட்டுக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால்தான் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கே அது மரியாதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் பொறுப்பாளர் என் மேசைக்கு வந்து கடகடவென்று ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள்: வரைபடம், கட்டுமான இடம், 'அல் தீரோ'. "சீ, சீ" என்று தலையாட்டினேன். அதுவும் நம் தலையாட்டல், பக்கவாட்டில். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அகராதியில் பார்த்தால் 'தீரோ' என்பதற்குத் துப்பாக்கிச் சூடு என்று போட்டிருந்தது. ஏதோ கிண்டல் போலிருக்கிறது என்று சாப்பிடப் போய்விட்டேன்.

சிலியில் 'அல் தீரோ' என்றால் 'இந்த நிமிஷமே'. திருத்திய வரைபடம் வராமல் அங்கே கம்பி கட்டுகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வரைபடத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஆயிற்று.

கொத்தனார், கம்பி கட்டுகிறவர், குழாய் வேலைக்காரர் எல்லோரையும் அங்கே 'மாயெஸ்த்ரோ' என்பார்கள். நம் மேஸ்திரியும் அதே வம்சம்தான், போர்த்துக்கீசிய 'மெஸ்த்ரே' வழியாக வந்தவர். மேசையும் அப்படித்தான், ஸ்பானிய மொழியில் 'மேசா'. வரைபடத்தை வாங்கிக்கொண்ட கம்பி கட்டும் மாயெஸ்த்ரோ எனக்கு ஏதோ விளக்கினார். நான் "சீ, சீ" என்றேன். "காச்சாய்?" என்றார், 'புரிஞ்சுதா?' என்று. அதற்கும் "சீ". "அப்படியானால் நீ சொல்லு, கேட்போம்" என்றார். மாட்டிக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து மணலில் சுவரின் ஓரத்தை வரைந்தார். 2010 பிப்ரவரி 27 அன்று அங்கே வந்த 8.8 அளவு நிலநடுக்கத்தில் பல அடுக்குமாடிகளில் மெல்லிய கான்கிரீட் சுவர்களின் ஓரங்கள் நொறுங்கின. அதற்குப் பிறகு ஓரங்களில் ரிங், அதாவது நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம், நெருக்கமாகப் போடவேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். ரிங்கின் நுனி 135 டிகிரி உள்ளே மடங்கவேண்டும், இல்லையென்றால் குலுக்கலில் அவிழ்ந்துவிடும். இதெல்லாம் நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். ஆனால் அவர் தன் ஆள்காட்டி விரலை மடக்கி, மற்றக் கையால் இழுத்துக் காட்டியபோதுதான் மண்டையில் ஏறியது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், "நோ காச்சோ", புரியவில்லை. அதைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களும் என்னோடு உண்மையில் பேசத் தொடங்கினார்கள். அதுவரை நான் ஒரு விருந்தாளி, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து மேசைப் பெண் ஒருநாள் தன் வீட்டுக்கு 'ஓன்சே'வுக்குக் கூப்பிட்டார். 'ஓன்சே' என்றால் பதினொன்று, ஆனால் உட்கார்ந்தது மாலை ஏழு மணிக்கு. தேநீர், ரொட்டி, அதன்மேல் மசித்த பட்டர் ஃப்ரூட். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் விளக்கு ஆடியது, அலமாரியில் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. நான் எழுந்து வாசலைப் பார்த்தேன். அவர்களோ கோப்பையைப் பிடித்தபடி, இது ஐந்தா, ஐந்தரையா என்று பந்தயம் கட்டுகிறார்கள்! அந்த வீட்டுப் பாட்டி ரொட்டியில் தடவுவதை நிறுத்தவே இல்லை. 1960இல் அதே நாட்டின் வால்டிவியாவில் வந்த நிலநடுக்கம் 9.5, இதுவரை உலகத்தில் அளக்கப்பட்டதிலேயே பெரியது. அந்த நாட்டுக்காரர்களுக்கு, எதுவும் இடியாதவரை அது வெறும் 'தெம்ப்ளோர்', நடுக்கம்.

"எப்போது வெளியே ஓடவேண்டும்?" என்று பாட்டியிடம் கேட்டேன். பதில் புரியவில்லை. "நோ காச்சோ" என்றேன். மூன்று தடவை சொன்னார், பொறுமையாக.

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் மூன்றும் ஒரே வரியில் இருந்தன. ஊருக்கு வந்ததும் அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுல என் பேரு எதுக்குடா?" என்றார்.

"அங்கே எல்லாரும் அம்மா பக்கத்துப் பேரையும் சேர்த்துத்தாம்மா எழுதுவாங்க" என்றேன்.

நம்பவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "சீ, போடா!" என்றார்.