தட்டோடு நின்றுவிட வேண்டாம்
(வாழப்பாடியில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே ஆற்றிய உரை)

தாய்மார்களே, சகோதரிகளே, வணக்கம்.

வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் என்று இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் பாக்குத் தோப்புதான். ஒரு மரம் ஆண்டுக்கு ஐந்தாறு மட்டையாவது உதிர்க்கும். ஒரு காலத்தில் அடுப்புக்கும் மாட்டுக்கும் போன மட்டை, இன்று தட்டாகிக் காசாகிறது. 2019 ஜனவரி முதல் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை விதித்தபோது, மாற்றுப் பொருள்களின் வரிசையில் பாக்கு மட்டைக்கும் இடம் கிடைத்தது. நமக்கெல்லாம் அது நல்ல காலம்.

ஆனால், ஒரே பொருளை நம்பித் தொழில் நடத்துவது ஆபத்து. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. பாக்கு மரத்தில் இயற்கையாக உள்ள அரிகோலின் போன்ற நச்சுப் பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்: சாப்பிட்டுவிட்டு எறிகிற பொருளோடு இந்த மட்டையின் கதை ஏன் முடிய வேண்டும்?

மட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிப்புறம் நீளவாக்கில் நார் ஓடும். உட்புறம் வழவழவென்று இருக்கும். காய்ந்த மட்டையை மடக்கினால் நார்வாக்கில் பிளந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்தால் தோல்போல வளையும். அப்போது மடித்துக் கட்டி, அப்படியே நிழலில் காயவிட்டால் அந்த உருவத்திலேயே நின்றுவிடும். கர்நாடகக் கடலோரத் துளுநாட்டு உழவர்கள் இதில் தொப்பி செய்து அணிந்தார்கள். நம் பாட்டிமார் விசிறி செய்து வீசினார்கள். அந்தக் கை நமக்கும் உண்டு. விளக்குக் கூடு, பேனாக் குவளை, நகைப் பெட்டி, நாட்குறிப்பு அட்டை எல்லாம் செய்யலாம். ஓரத்தில் துளையிட்டு வாழைநாரால் தைத்தால் பசையே வேண்டாம்.

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் விளைகின்றன. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் வாங்கிப் போவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. உள்ளே ஒரு துணிப்பை, வெளியே மட்டைப் பெட்டி. கோடை விழாவில் வைத்துப் பாருங்கள்.

பக்குவம் மட்டும் முக்கியம். மழையில் கிடந்த மட்டையில் கரும்பூஞ்சை படிந்துவிடும். என்ன தேய்த்தாலும் கறை போகாது. விழுந்தவுடன் எடுத்து வெயிலில் காயவைத்து, ஈரம் படாத இடத்தில் அடுக்குங்கள். தோப்புக்காரர்களிடமும் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

தட்டு அச்சு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தட்டு அழுத்திய பிறகு மிஞ்சும் ஓரத் துண்டுகளை இனி அடுப்பில் போடாதீர்கள். ஒரு சாக்கில் தனியே சேர்த்துவையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சாக்கோடு வாருங்கள். முதலில் அந்தத் துண்டுகளை வைத்தே தைக்கப் பழகுவோம்.